கைமாறி வந்த சிடிகள்: திருச்சி சேரிகளின் திரை வரலாறு

கல்லூரியில் படிக்கிற தோழர்களிடம் ஏதாவது ஓர் ஆவணப்படத்தின் பெயரைச் சொன்னால், உடனே "லிங்க் அனுப்புங்க அண்ணே" என்கிறார்கள். தப்பில்லை. ஆனால் லிங்க் வருவதற்கு முன்னால் நம் தெருக்களுக்கு அந்தப் படங்கள் எப்படி வந்தன என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. 2000க்குப் பிறகு ஒரு பதினைந்து ஆண்டுகள், இணையத்திலிருந்து இறக்கிய காட்சிகளும் ஆவணப்படங்களும் சிடியிலும் டிவிடியிலும் ஏறி, பையில் சுற்றி, கைமாறி, நம் வீட்டு பிளேயரில் ஓடின. அதை யாரும் வரலாறாக எழுதவில்லை. தலைவர்களின் உரையும் மாநாட்டுத் தேதியும் மட்டும்தான் இயக்க வரலாறு என்று நினைக்கிறோம். ஒரு சமூகம் தன்னைப் பற்றிய உண்மையை எதில் பதிந்தது, யார் தூக்கி வந்தார்கள், எந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தது என்பதும் வரலாறுதான். நம் ஊரான திருச்சியையும் திருவரங்கத்தையும் வைத்து அதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

1905: பெட்டியோடு கிளம்பிய ரயில்வே ஊழியர்

தென்னிந்தியாவில் படம் ஊர் ஊராகப் போன கதை திருச்சியில்தான் தொடங்குகிறது. டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியோடு ஊர் சுற்றி வந்தார். திருச்சிக்கு வந்தபோது உடல்நலம் கெட்டு, கருவியையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டுப் போக நினைத்தார். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் அவற்றை வாங்கினார். ஆண்டு 1905. வாங்கிய படங்களில் இயேசுவின் வாழ்க்கையும் ஒன்று. கூடாரம் அடித்துப் படம் காட்டிக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போனார். பின்னால் 1914ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார்.

அந்தக் கூடாரத்திலும் பிறகு வந்த டூரிங் டாக்கீஸிலும் நமக்குக் கிடைத்த இடம் எது? தரை டிக்கெட். அதிலும் ஒரு மாற்றம் இருந்தது. தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். அங்கே உட்காரும் இடத்தைச் சாதி தீர்மானிக்கவில்லை, காசு தீர்மானித்தது. கோயிலுக்குள் நுழைய சட்டம் தேவைப்பட்ட காலத்தில், கொட்டகைக்குள் நுழைய சில அணாக்கள் போதுமாக இருந்தது. இதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது.

ஆனால் கூரை ஒன்றாக இருந்தாலும் திரை அவர்களுடையது. எந்தப் படம் ஓட வேண்டும், யார் நாயகன், யார் வேலைக்காரன், யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதெல்லாம் வேறெங்கோ முடிவானது. கெயிட்டியிலும் மாரிஸிலும் நம் ஆட்கள் பார்த்த நூற்றுக்கணக்கான படங்களில் நம் தெரு வந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வந்தாலும் யாராவது காப்பாற்ற வேண்டிய இடமாக வந்தது.

'டெக்' எடுத்த காலம்

எண்பதுகளின் நடுவில் வீடியோ டெக் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் சேர்த்து ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். காதுகுத்து, திருவிழா, கருமாதி முடிந்த இரவு என்று ஏதாவது ஒரு காரணம். தெருவே கூடி விடிய விடிய மூன்று படம் பார்க்கும். எந்தப் படம் போடுவது என்று தெருவே முடிவு செய்தது அப்போதுதான் முதல் தடவை.

ஆனால் கேசட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதிந்தால் தரம் குறையும். அதிலிருந்து இன்னொன்று பதிந்தால் இன்னும் குறையும். நான்காவது, ஐந்தாவது பிரதியில் முகம் தெரியாது, கோடும் மழையும்தான் தெரியும். வெற்றுக் கேசட்டும் விலை. பதிய இரண்டு டெக் வேண்டும். 1995ல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை நாசம் செய்தபோதும், 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனோடு சேர்த்து ஏழு பேர் வெட்டிக் கொல்லப்பட்டபோதும், செய்தி நமக்குத் துண்டறிக்கையாகவும் ஒலிநாடாவில் பதிந்த கூட்டப் பேச்சாகவும்தான் அதிகம் வந்தது. காட்சி நம் கையில் இல்லை.

சிடி இந்த இடத்தில்தான் ஒரு திருப்பம். 1993ல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி நிறுவனங்கள் சேர்ந்து விசிடிக்கான தரத்தை வகுத்தன. எண்ணாக மாற்றிய காட்சிக்கு மூலம், நகல் என்ற வேறுபாடு கிடையாது. நூறாவது பிரதியும் முதல் பிரதி மாதிரியே இருக்கும். திருச்சியில் ரைட் பண்ணியதை லால்குடியில் ஒருவர் நகல் எடுத்து, அதை அரியலூரில் இன்னொருவர் நகல் எடுத்தாலும் முகம் கலையாது. படிநிலை இல்லாத நகல் என்று இதைச் சொல்லலாம். மூலம் வைத்திருப்பவன் உயர்ந்தவன், கடைசியில் நிற்பவனுக்குக் கசங்கியது என்ற கணக்கு அங்கே உடைந்தது.

2004, 2006: குண்டர் சட்டமும் இலவசத் தொலைக்காட்சியும்

புதுப்படங்களின் திருட்டு விசிடி பெருகியபோது தமிழக அரசு 2004ல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. 1982ம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர் என்ற வரிசையில் 'வீடியோ திருடர்' என்பதும் சேர்ந்தது. இதன்படி ஒருவரை விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். திரைப்படத் தொழிலின் நட்டம் உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் பெட்டி பெட்டியாக அச்சடித்தவர் யார், சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் தார்ப்பாய் விரித்து விற்றவர் யார் என்று பாருங்கள். கையும் களவுமாகச் சிக்குவது எப்போதும் தார்ப்பாய்க்காரர்தான். தடுப்புக்காவல் என்கிற ஆயுதம் யார் கழுத்துக்கு எளிதாக எட்டும் என்பது இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குப் புதிதல்ல.

இதன் விளைவு நம் பக்கமும் விழுந்தது. இயக்குநரே "நகல் எடுத்துப் பரப்புங்கள்" என்று கொடுத்த ஆவணப்படமாக இருந்தாலும், பையில் ஐம்பது வெள்ளைச் சிடி இருந்தால் போலீஸ் கண்ணுக்கு அது 'திருட்டு சிடி'. மேலே மார்க்கர் பேனாவால் படத்தின் பெயர், இயக்குநர் பெயர், "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி வைக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

அடுத்து 2006. இந்த ஆண்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 15 அன்று தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 'ஓட்டுக்கு லஞ்சம்' என்று நடுத்தர வர்க்கம் கேலி செய்தது. அந்தக் கேலியில் கலந்துகொள்ளும் முன் ஒன்றை யோசியுங்கள். அதுவரை ஊர்த்தெருவில் யார் வீட்டு வாசலிலாவது நின்று, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். "தள்ளி நில்லு" என்ற சொல்லை அந்த வாசல்களில் கேட்டவர்கள். சொந்த வீட்டில் சொந்தப் பெட்டி என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்குச் சாதனம் மட்டும் அல்ல.

பெட்டியின் பின்புறம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் செருகும் துளைகள் இருந்தன. ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் சீனத் தயாரிப்பு டிவிடி பிளேயர் கிடைத்தது. சிங்காரத்தோப்புப் பக்கம் போனால் இன்னும் பேரம் பேசலாம். 2007ல் மோசர் பேயர் நிறுவனம் படங்களின் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. அது விற்றது ஓடிய படங்களை. நம்மைப் பற்றிய படங்கள் அந்த அட்டவணையில் இல்லை. ஆனால் அதே நிறுவனத்தின் வெற்று சிடி பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைத்தது. அது நமக்குப் பயன்பட்டது.

அதே 2006 டிசம்பரில் திருவரங்கத்தில் ராஜகோபுரத்துக்கு எதிரே நிறுவியிருந்த பெரியார் சிலையைத் திறப்பதற்கு முன்பே உடைத்தார்கள். சில நாட்களிலேயே வேறு சிலை வைத்துத் திறந்தார்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு சேனலும் தன் விருப்பப்படி கதை சொன்னது. கோபுரத்தடிக் கடைகளில் சுப்ரபாதமும் பாசுரமும் சிடியாக அடுக்கியிருந்தன. நம் பக்கத்துக் கதையைச் சொல்ல எந்தக் கடையிலும் ஒரு சிடி இல்லை. அதை நாமேதான் தயார் செய்ய வேண்டியிருந்தது.

இரவு இரண்டு மணிக் கணக்கு

யூட்யூப் 2005ல் வந்தது. அப்போது இந்தியாவில் பிராட்பேண்ட் என்றால் 256 கேபிபிஎஸ். 32 கிலோபைட் ஒரு நொடிக்கு, அதுவும் ஒழுங்காக வந்தால். மாதம் இவ்வளவுதான் என்று அளவு வேறு. ஆனால் பி.எஸ்.என்.எல். வீட்டுத் திட்டம் ஒன்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. நண்பர் ஒருவர் வீட்டில் அந்த இணைப்பு இருந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 115 எம்.பி. ஆறு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 690 எம்.பி. ஒரு சிடியின் கொள்ளளவு 700 எம்.பி. ஒரு இரவு விழித்திருந்தால் ஒரு சிடி அளவுக்கு இறக்கலாம். எங்கள் மாதத் திட்டம் இந்தக் கணக்கில்தான் ஓடியது.

அப்போது யூட்யூபில் சாதாரணக் கணக்கில் 10 நிமிடத்துக்கு மேல் ஒரு வீடியோ ஏற்ற முடியாது. 2010 ஜூலையில்தான் அது 15 நிமிடம் ஆனது. அதனால் நீளப் படங்கள் துண்டு துண்டாக இருக்கும். மூன்று மணி நேரப் படம் என்றால் 18 துண்டு. ஒன்று விட்டுப்போனாலும் கதை அறுந்துவிடும். ஒவ்வொன்றையும் இறக்கி, எண் போட்டு, வரிசையாக அடுக்க வேண்டும்.

இறக்கியது எஃப்.எல்.வி. கோப்பு. அதை அப்படியே சிடியில் ஏற்றினால் பிளேயர் 'நோ டிஸ்க்' என்று கையை விரித்துவிடும். வீட்டு பிளேயருக்குப் புரிகிற மொழியில் மாற்ற வேண்டும். விசிடி என்றால் எம்பெக்-1, 352க்கு 288 புள்ளி, ஒரு சிடியில் 80 நிமிடம். மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று சிடி. டிவிடி என்றால் எம்பெக்-2, 4.7 ஜி.பி.யில் ஒரே தட்டில் முடிந்துவிடும், ஆனால் மாற்றுவதற்குப் பழைய கணினிக்கு ஒரு முழு இரவு வேண்டும். மாற்றிய பிறகு நீரோ மென்பொருளில் 'வீடியோ சிடி' என்று தேர்ந்தெடுத்து, வேகத்தைக் குறைத்து வைத்து ரைட் பண்ண வேண்டும். வேகமாக அடித்த சிடிகள் கணினியில் ஓடும், பழைய பிளேயரில் திக்கும். கடைசியில் ஃபைனலைஸ் செய்யாமல் எடுத்தால் வேறெங்கும் ஓடாது.

இதற்கு நடுவில் மின்வெட்டு. 2008லிருந்தே ஆரம்பித்தது, 2012ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. ரைட் ஆகும்போது மின்சாரம் போனால் அந்த சிடி அவ்வளவுதான், டம்ளர் வைக்கும் தட்டு.

இந்தத் தொழில்நுட்ப விவரமெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு படத்தை ஐம்பது பேர் பார்க்க யாரோ இரண்டு பேர் எத்தனை இரவு விழித்தார்கள் என்பது தெரிந்தால்தான் அதன் மதிப்பு தெரியும். பொறுமையாகக் கற்றுக்கொண்டு, தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். கற்பி என்று அண்ணல் சொன்னதில் இதுவும் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

என்ன பார்த்தோம்

முதலில் சொல்ல வேண்டியது அம்பேத்கர் படம். ஜப்பார் படேல் இயக்கம், மம்முட்டி நடிப்பு. மத்திய சமூக நீதி அமைச்சகமும் மகாராஷ்டிர அரசும் பணம் தந்து, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் எடுத்த படம். மம்முட்டிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. மக்கள் பணத்தில் எடுத்த அந்தப் படத்தின் தமிழ் வடிவம் திரையரங்குக்கு வந்தது 2010 டிசம்பரில், அதுவும் வழக்கு நீதிமன்றம் வரை போன பிறகு. இடைப்பட்ட பத்து ஆண்டுகள் அண்ணலின் வாழ்க்கையைத் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் காட்டவில்லை. நாங்கள் ஆங்கில வடிவத்தை வீட்டு பிளேயரில் போட்டு, ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லச் சொல்லத்தான் பார்த்தோம். மகத் குளத்தில் தண்ணீர் அள்ளுகிற காட்சிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' வந்தது. 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியதில் 17 பேர் இறந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு 'ஆற்றில் மூழ்கி' என்று செய்தித்தாள் எழுதுகிற வார்த்தைகளை நாங்கள் வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தோம். வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று எரிக்கப்பட்ட 44 பேரைப் பற்றிய பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமய்யாவின் குடிசை' வந்தது. ஸ்டாலின் கே. என்ற ஆவணப்பட இயக்குநர் பல மாநிலங்களில் சுற்றி எடுத்த 'இந்தியா அன்டச்டு' 2007ல் வந்தது. எல்லா மதத்திலும், எல்லாத் திசையிலும் தீண்டாமை இருப்பதை அது காட்டியது. மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நிற்கிற ஊர்க்காரர்களான எங்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நாங்கள் தனி இல்லை என்பது தெரிந்தது.

ஆர்.பி. அமுதனின் 'பீ' தனியாகச் சொல்ல வேண்டியது. 2003ல் எடுத்தது. மதுரையில் ஒரு சந்தில் மலம் அள்ளும் பெண் தொழிலாளி ஒருவரோடு கேமராவும் காலையில் இறங்குகிறது. பின்னணி இசை கிடையாது, அழ வைக்கும் வசனம் கிடையாது. அந்த வேலை எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் நாமும் அங்கே நிற்க வேண்டும்.

திருவரங்கத்தில் தூய்மைப் பணியாளர்கள் குடியிருக்கும் பகுதியில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கலைந்து சில நாள் கழித்து அந்த சிடியைப் போட்டோம். லட்சக்கணக்கான பேர் வந்து போன தெருக்களைக் கூட்டி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள். படம் ஓடும்போது ஒரு சத்தமும் இல்லை. முடிந்ததும் வயதான அம்மா ஒருவர், "தம்பி, இன்னொரு தடவ போடு. அந்தப் புள்ள கையில கையுற இருந்துச்சான்னு பாக்கணும்" என்றார். திரும்பப் போட்டோம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். அந்த இரவில் பேச்சு படத்திலிருந்து நகர்ந்து, மாநகராட்சி கொடுக்காத கையுறைக்கும், ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொண்ட சம்பளத்துக்கும் போனது. அங்கிருந்து 2002ல் நம் மாவட்டத்துத் தின்னியத்தில் இரண்டு தலித்துகளின் வாயில் மலத்தைத் திணித்த கொடுமைக்குப் போனது. மறுவாரம் கையுறை, காலணி கேட்டு ஒரு மனு எழுதினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.

சமூகவியல் வகுப்பில் 'பார்வையாளர்' என்று ஒரு சொல்லைப் படித்தேன். திரையைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று பொருள் கொண்டிருந்தேன். வீட்டு பிளேயரின் ரிமோட்டில் இருந்த நிறுத்தும் பொத்தான் அந்தப் பொருளை மாற்றிவிட்டது. திரையரங்கில் படத்தை நிறுத்தச் சொல்ல நம்மால் முடியாது. அந்த அம்மா நிறுத்தச் சொன்னார்.

தடை வந்தால் தட்டு, தட்டு போனால் இணையம்

2017ல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 2013ல் சட்டம் வந்த பிறகும் தமிழகம் முழுக்க அந்த வேலையும் சாவும் தொடர்வதைப் பெயரோடும் ஊரோடும் காட்டிய படம். பல ஊர்களில் திரையிடப் போலீஸ் அனுமதிக்கவில்லை. படம் யூட்யூபில் ஏறியது, லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அந்த ஜூலையில், 2009ம் ஆண்டின் ஒரு போராட்ட வழக்கைத் தூசு தட்டி இயக்குநரைக் கைது செய்தார்கள். அரங்கை மூடினால் வீட்டுக்குள் போகும், வீட்டுக்குள் போவதைத் தடுக்க முடியாவிட்டால் எடுத்தவரைப் பிடிப்பார்கள் என்பது இதில் கிடைத்த பாடம்.

அதற்குள் காலமும் மாறியிருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பாட்டு, படம், செய்தி எல்லாம் கைபேசிக்குள். டிவிடி பிளேயர்கள் பரணுக்கு ஏறின. புது மடிக்கணினிகளில் தட்டு போடும் இடமே இல்லை. வெற்றுச் சிடி தயாரித்த மோசர் பேயரே 2018ல் கலைப்புக்குப் போனது.

லாபம் இல்லாமல் இல்லை. இன்று நம் பிள்ளைகள் கையில் கேமரா இருக்கிறது, நமக்கென்று சேனல்கள் இருக்கின்றன. வன்கொடுமை நடந்த ஒரு மணி நேரத்தில் வெளியே தெரிகிறது. ஆனால் நட்டத்தையும் எண்ண வேண்டும். ஒரு தெருவாக உட்கார்ந்து பார்த்தது போய், ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு கைபேசியில் பார்க்கிறார்கள். அடுத்து என்ன பார்ப்பது என்று தெரு முடிவு செய்தது போய், நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்கிறது. சிடி நம் பெட்டியில் இருந்தது. லிங்க் நம்மிடம் இல்லை, யாரோ ஒருவருடைய கிடங்கில் இருக்கிறது. புகார் வந்தால் எடுத்துவிடுவார்கள். ஏற்றியவர் கணக்கை மூடினால் போய்விடும். நான் படிக்கிற காலத்தில் சேமித்து வைத்த யூட்யூப் முகவரிகளைப் போன மாதம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். 'இந்த வீடியோ கிடைக்கவில்லை' என்பதுதான் பலவற்றில் வந்த பதில்.

நீதிமன்றத்தில் சிடி

இளம் வழக்குரைஞர்களும் சட்ட மாணவர்களும் இந்தப் பகுதியைக் கவனியுங்கள். அன்வர் எதிர் பஷீர் வழக்கில் 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது ஒரு தேர்தல் வழக்கு. பேச்சுகளையும் பாட்டுகளையும் கணினியில் ஏற்றி, சிடியில் பதிந்து சாட்சியமாகக் கொடுத்திருந்தார்கள். சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி சான்றிதழ் இல்லாததால் அந்த சிடிகள் செல்லாது என்றது நீதிமன்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் இதே விதி 63ம் பிரிவாக இருக்கிறது. கோப்பின் ஹேஷ் மதிப்பையும் சான்றிதழில் எழுத வேண்டும். எந்தக் கருவியில் பதிந்தது, யார் நகல் எடுத்தது, எப்போது என்ற விவரம் இல்லாத காட்சி, எவ்வளவு உண்மையாக இருந்தாலும் கூண்டில் நிற்காது.

அதே நேரம் காட்சி நின்றால் என்ன நடக்கும் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கு இருக்கிறது. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்திக் கொன்றார்கள். சாட்சிகள் பிறழ்ந்தார்கள். கோயிலின் கண்காணிப்புக் கேமராக் காட்சி பிறழவில்லை. 2022ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் முக்கியக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தில், 15ஏ பிரிவின் 10ம் உட்பிரிவு, இந்தச் சட்டத்தின்கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. உங்கள் வழக்கில் பதிகிறார்களா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் பதிய மாட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது

அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1914ல் அவர் மறைந்த பிறகு கல்விப்புலம் அவரை மறந்தது. எந்தப் பல்கலைக்கழக நூலகமும் அந்த இதழ்களைத் தேடிப் பாதுகாக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் பத்திரப்படுத்தியதால்தான் 1999ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. அதன் பிறகுதான் தமிழ் அறிவுலகம் திரும்பிப் பார்த்தது. நம் ஆவணக் காப்பகம் என்றைக்கும் யாரோ ஒருவர் வீட்டுத் தகரப் பெட்டிதான்.

காகிதம் நூறு ஆண்டு தாங்கியது. வீட்டில் ரைட் பண்ணிய சிடி அவ்வளவு தாங்காது. வெயிலும் ஈரமும் பட்டால் அதன் சாயப் பூச்சு கெட்டுப் படிக்க முடியாமல் போகும். வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால் இது இந்த ஆண்டே செய்ய வேண்டிய வேலை.

உங்கள் தெருவில், மன்றத்தில், பழைய தோழர்கள் வீட்டுப் பரணில் இருக்கும் சிடிகளையும் டிவிடிகளையும் கேளுங்கள். கூட்டப் பேச்சு, ஊர்வலம், திருமணம், இழவு எதுவாக இருந்தாலும் வாங்குங்கள். நூறு பேர் ஒரு தலைவருக்கு மாலை போடுகிற மங்கலான காட்சியில்தான் இன்று இல்லாத ஒரு குடிசை வரிசை பின்னால் தெரியும். யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று ஊருக்கு ஒன்று போதும். முழுத் தட்டையும் அப்படியே நகல் எடுத்து, இரண்டு வேறு வன்தட்டில், இரண்டு வேறு வீட்டில் வையுங்கள். யார் எடுத்தது, எந்த ஊர், எந்த நாள், யாரிடமிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு இல்லாவிட்டால் பத்து ஆண்டில் அது முகம் தெரியாதவர்களின் காட்சி ஆகிவிடும்.

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை. தாக்கப்பட்டவரின் உடல், அவமானப்படுத்தப்பட்டவரின் முகம் இருக்கிற காட்சிகளை அவரோ குடும்பமோ சம்மதிக்காமல் வெளியிடாதீர்கள். அவர்களுக்கு நடந்தது அவர்களுடையது, நம் பிரச்சாரப் பொருள் அல்ல. ஆவணப்பட இயக்குநர்கள் உயிரோடு, கடனோடு இருக்கிறார்கள். அவர்கள் படத்தை நகல் எடுக்கும் முன் கேளுங்கள், முடிந்தால் காசு கொடுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான நகலுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ம் பிரிவு இடம் தருகிறது, 2012 திருத்தத்துக்குப் பிறகு அது திரைப்படத்துக்கும் பொருந்தும். ஆனால் விற்பதற்கும் பொதுவில் திரையிடுவதற்கும் அது பொருந்தாது. வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், போலீஸ் கேட்டால் சொல்வதற்கு உதவும்.

கடைசியாக ஒன்று. மாதத்தில் ஒரு நாள், ஒரு வீட்டுத் திண்ணையில், ஒரே திரையில் சேர்ந்து பாருங்கள். பென் டிரைவில் போட்டாலும் சரி, கைபேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்தாலும் சரி. யாராவது ஒருவர் "நிறுத்து, திரும்பப் போடு" என்று சொல்வதற்கு இடம் இருக்க வேண்டும். அங்கிருந்துதான் மனு எழுதுவது தொடங்குகிறது.

ஜெய்பீம்.